வாசலில் ஐம்பது கிலோமீற்றர்

வீதி சரியில்லை என்று மனுக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். குன்றும் குழியும் என்று தொடங்கி, கர்ப்பிணித் தாய்மாரும் பாடசாலைப் பிள்ளைகளும் படும் பாட்டைச் சொல்லி, கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி, பிரதேச சபைக்கு ஒரு பிரதி, தேர்தல் நெருங்கினால் வேட்பாளருக்கு ஒரு பிரதி என்று முடியும் அந்த மனு மாத்தளை மாவட்டத்தில் பலருக்கு மனப்பாடம். வீதி நன்றாகிவிட்டது, அதனால்தான் பயமாக இருக்கிறது என்று எழுதும் மனுவுக்கு மட்டும் இன்னும் வாசகம் அமையவில்லை. எழுத நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமும் இருக்கிறது. கேட்டு வாங்கிய காபட் வீதியை இப்போது குறை சொல்கிறார்களே என்று ஊரில் யாராவது சொல்லிவிட்டால்?

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிராமத்து வீதிகளும் நகரத்துக் குறுக்கு வீதிகளும் கண்ட மாற்றம் சிறிதல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் நடந்த ‘ஐ-ரோட்’ திட்டம், 2020இல் அன்றைய அரசு பெரிதாக அறிவித்த ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதித் திட்டம், இடையிடையே மாகாண சபை நிதி, பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஏதோ ஒரு வழியில் தார் வந்தது, பிறகு காபட் வந்தது. வீதி வழுவழுப்பானது. அகலமானதா என்றால் பெரும்பாலான இடங்களில் இல்லை. வளைவு அதே வளைவு. மதகு அதே மதகு. ஓரத்தில் மூடியில்லாத கானும் அதே கான்தான். நடைபாதை முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. குழிக்குப் பயந்து மெதுவாகப் போன வாகனத்துக்கு மட்டும் இப்போது எதற்கும் பயப்படத் தேவையில்லாமல் போனது. பொலிஸ்காரர் நிற்காத இடத்தில் அவருடைய வேலையைக் குழிதான் பார்த்துக்கொண்டிருந்தது. குழியை மூடியவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அதற்காகக் குழி திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை மாத்தளை வைத்தியசாலைக்கு ஏற்றி வந்தவருக்கு நல்ல வீதியின் அருமை தெரியும். வீதி நன்றாக இருக்கட்டும். வீடுகளுக்கு நடுவே போகும்போது வாகனம் எவ்வளவு வேகத்தில் போகலாம், போய்ச் சேர்ந்த பிறகு எங்கே நிற்கலாம் என்ற இரண்டையும் யார் தீர்மானிப்பது? இதுவரை காலும் அக்சிலேட்டரும் தீர்மானித்தன. இனி அங்கே குடியிருப்பவர்களின் சொல்லும் அதில் சேர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நம் நாட்டில் நகரப் பகுதிக்குள் காருக்கும் வானுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 40. மாத்தளை நகரின் நடுவே போகும் ஏ9 வீதிக்கு உள்ள அதே 50, இரண்டு ஓட்டோக்கள் உரசிக்கொண்டு விலகும் குறுக்குச் சந்துக்கும் பொருந்துகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் சாரதி, ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக் குறுக்கே ஓடுவதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்டு, உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. அதற்குள் வண்டி 8 மீற்றருக்குச் சற்று மேல் ஓடியிருக்கும். உலர்ந்த வீதியில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீற்றர். ஆக 13 மீற்றரளவில் வண்டி நின்றுவிடுகிறது. அதே சாரதி 50இல் வந்திருந்தால், கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 14 மீற்றர் கடந்துவிடும். 30இல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தை, 50இல் வந்தவர் முழு வேகத்தில் தாண்டிக்கொண்டிருக்கிறார். அவர் நிற்பதற்கு 28 மீற்றர் வேண்டும். மழை, இறக்கம், தேய்ந்த டயர் மூன்றையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மாத்தளையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

இந்த ஆபத்துக்கு ஈடாக மிச்சமாகும் நேரம் எவ்வளவு? ஒரு கிலோமீற்றர் நீளக் குடியிருப்பு வீதியை 50இல் கடக்க 72 வினாடி, 30இல் கடக்க 120 வினாடி. வித்தியாசம் 48 வினாடி. அதுவும் சந்தியோ வளைவோ குறுக்கே வராமல் ஒரே சீராக ஓட முடிந்தால்தான்.

காலையில் பாடசாலை மணி அடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் நகரத்தின் எந்தக் குறுக்கு வீதியிலும் நின்று பார்க்கலாம். ஒரு தாய், கானுக்கு மேல் போட்ட கொங்கிரீட் சிலாப் வழியே மகனை நடத்திக்கொண்டு வருகிறாள். மகன் கான் பக்கம், அவள் வீதிப் பக்கம். ஓரிடத்தில் சிலாப் உடைந்து கம்பி தெரிகிறது. அங்கே இருவரும் வீதிக்கு இறங்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஒரு வீட்டுக்காரரின் கார் மதிலோடு ஒட்டி இரவிலிருந்து நிற்கிறது. ஆகவே ஓரமாக இறங்க முடியாது, வீதியின் நடுவுக்கே வர வேண்டும். பின்னால் வந்த பாடசாலை வான் பிள்ளைகளை ஏற்ற நிற்கிறது. வானுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள், முன்னே ஒரு பிள்ளையும் பின்னே ஒரு பிள்ளையுமாக, வானை முந்துகிறது. எதிரே ஓட்டோ. அவரவரைத் தனித்தனியே கேட்டால் அவரவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாருமே பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பறக்கிறார்கள்.

வேகமும் தரிப்பிடமும் இரண்டு பிரச்சினை அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஓரத்தில் நிற்கும் கார் நடப்பவரை நடுவீதிக்குத் தள்ளுகிறது, நடுவீதியில் வரும் வேகம் அவரைத் திரும்ப ஓரத்துக்கு விரட்டுகிறது. ஒன்றை மட்டும் எடுத்துப் பேசும் குடியிருப்பாளர் சங்கம் பாதி வேலையில்தான் இறங்கியிருக்கிறது.

2022ஐ மறந்திருக்க மாட்டோம். எரிபொருள் இல்லை. வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தன. பிறகு கியூஆர் முறை வந்தது, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். அந்த மாதங்களின் துன்பத்தை யாரும் இனிமையாக நினைக்கப் போவதில்லை. ஆனாலும் வீதியைப் பற்றி அப்போது ஒன்று தெரியவந்தது. வீட்டு வாசலில் பிள்ளைகள் விக்கெட் நட்டு விளையாடினார்கள். வயதானவர்கள் மாலையில் இறங்கி நடந்தார்கள். கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. வீதிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று ஒரு தலைமுறை முதல்முறையாகப் பார்த்தது. பெற்றோல் வந்ததும் அது அப்படியே மறந்துபோயிற்று.

இதே மாதிரி ஒரு எரிபொருள் நெருக்கடியை மறக்காமல் வைத்துக்கொண்ட நாடு ஒன்று உண்டு. நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு, அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார்தான் முன்னேற்றத்தின் அடையாளம். காருக்காகத் தெருக்கள் அகலமாயின, சதுக்கங்கள் தரிப்பிடங்களாயின. 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர்கள். தன் சிறிய மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், ‘டி டைட்’ நாளிதழில் 1972இல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு ‘சிறுவர் கொலையை நிறுத்துங்கள்’. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார், ஆசிரியர்கள், சாதாரணக் குடியிருப்பாளர்கள் தெருவில் இறங்கினார்கள். விபத்து நடந்த இடங்களை மறித்து உட்கார்ந்தார்கள். தெருவை ஒருநாள் மூடி, அதில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே கூடாது என்று அரசு சொன்னபோது, இவர்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை நாடு முழுவதும் கண்ணால் பார்த்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். டெல்ஃப்ட் நகரில் தொடங்கிய ஒரு தெரு அமைப்பு முறைக்கு 1976இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அந்தத் தெருவில் நடைபாதை, வாகனப் பாதை என்ற பிரிவே கிடையாது. மரம், இருக்கை, வளைந்து போகும் வழி எல்லாம் கலந்திருக்கும். வாகனம் வரலாம், ஆனால் நடப்பவரின் வேகத்தில்தான் வர வேண்டும். நிறுத்தலாம், ஆனால் குறித்த கட்டத்தில் மட்டும். 1983இல் 30 கிலோமீற்றர் வலயங்களுக்கு வழி பிறந்தது. 2023 டிசம்பரில் அம்ஸ்டர்டாம் நகரம் தன் பெரும்பாலான வீதிகளின் வேக எல்லையை 50இலிருந்து 30ஆகக் குறைத்தது. 3,300ஆக இருந்த ஆண்டு மரண எண்ணிக்கை இப்போது 700 அளவில் நிற்கிறது, இத்தனைக்கும் இடையில் வாகனங்கள் பலமடங்காயின, மக்கள் ஏறக்குறைய அரைக் கோடி பேர் கூடினார்கள். ஐம்பது ஆண்டுகள் பிடித்தன என்பதும் உண்மை. ஒரு மனுவோடு முடிந்த காரியம் இல்லை.

பணக்கார நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சரி, நம் ஊருக்கே வருவோம். வீதி விஷயத்தில் மாத்தளைக்காரர்கள் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அல்ல. 1848இல் டொரிங்டன் ஆளுநரின் அரசு கொண்டுவந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷிலிங் கட்ட வேண்டும் என்றது. துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்துதான் அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. கோப்பித் தோட்டங்களுக்குப் பயன்படும் வீதியைப் போட எங்கள் ஆறு நாளை ஏன் கொடுக்க வேண்டும் என்பது கிராமவாசியின் கேள்வி. வீதி யாருக்காக என்று இந்த மாவட்டம் கேட்டு 175 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியும் வடக்கிலிருந்து மாத்தளைக்கு வரும் வீதிதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வாரிசுகள், 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தார்கள். மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாக நடந்த அந்த நடைபயணம் நில உரிமை, சம்பளம், மொழி, குடியுரிமை பற்றியது. வீதிப் பாதுகாப்பைப் பற்றியது அல்ல. ஆனால் இந்த நகரத்துக்கு வரும் பெருவழியே நடந்தவர்களின் காலால் உண்டானது என்பதை அது நினைவூட்டிவிட்டுப் போனது. இன்றும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து போகிறவர்களில் பலர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடப்பவர்கள்தான். வீதிக் கூட்டங்களில் அவர்கள் பேசிக் கேட்பது அரிது.

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரதங்களும் நகர வலம் வரும்போது வாகனங்கள் காத்து நிற்கின்றன, அல்லது சுற்றிப் போகின்றன. கடைகள் இடிந்து விழுவதில்லை. வீதியில் போகும் அவசரத்தை மாத்தளை ஆண்டுக்கு ஒருநாள் தேருக்காக நிறுத்தி வைக்கிறது. பாடசாலை விடும் அரை மணி நேரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு மரியாதை போதும்.

இனி வரப்போகும் நெருக்கடியையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நாட்டில் இதுவரை பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கும் மேல், அவற்றில் பாதிக்கும் அதிகம் மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே அதிர்ந்தது. நியாயமான அதிர்ச்சிதான். ஆனால் இந்த இரண்டாயிரத்தில் பெரும்பகுதி ஒருவர் இருவராக, மஞ்சள் கோட்டுக் கடவையிலும் வளைவிலும் வீட்டு வாசலிலும் போனவர்கள். அவர்களுக்கு உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி.

ஒரு விபத்து நடந்த மறுவாரம் நம் ஊர்களில் வழக்கமாக நடப்பது ஒன்று. இரவோடு இரவாக இளைஞர்கள் சீமெந்து குழைத்து வீதிக்குக் குறுக்கே ஒரு மேடு போடுவார்கள். அளவு கிடையாது, சரிவு கிடையாது, வெள்ளை வண்ணமோ அறிவிப்புப் பலகையோ கிடையாது. பகலில் ஊர்க்காரர் அதை அறிந்து மெதுவாகப் போவார். இரவில் வெளியூர் மோட்டார் சைக்கிள்காரர் அதில் ஏறித் தூக்கி எறியப்படுவார். வருத்தமான கோபத்தில் போட்ட மேடு இன்னொரு வீட்டுக்கு வருத்தத்தைக் கொண்டுபோகிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸில் முதுகெலும்பு முறிந்த நோயாளியோடு அதன் மேல் ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வேகத்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பொறியியலாளர் அளந்து போட வேண்டியது என்கிறேன். மஞ்சள் கோட்டையே ஒரு நடைபாதை உயரத்துக்குத் தூக்கி, இருபுறமும் சரிவாக அமைத்தால் கடப்பவருக்குக் கடவை, ஓட்டுபவருக்குத் தடை என்று ஒரே செலவில் இரண்டு வேலை முடியும். சந்தியின் மூலையை வண்ணக் கோட்டாலும் கல்லாலும் குறுக்கினால் திரும்பும் வண்டி தானாகவே மெதுவாகும்.

ஏன் முறைப்படி கேட்பதில்லை? கேட்டவர்கள் அலைந்து களைத்ததால். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். சி, டி தர வீதிகள் மாகாணத்தின் கீழ். மற்றவை மாநகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பு. வேக எல்லை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதி. அமல்படுத்துவது பொலிஸ். ஒரே சந்தியில் ஒரு கை ஒரு நிறுவனத்துக்கும் மறு கை இன்னொரு நிறுவனத்துக்கும் சொந்தமாக இருக்கலாம். தம் வீதி எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று தெரியாமலே எழுதிய மனுக்கள் மேசை மேசையாகச் சுற்றி வருவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மனுவை வாங்கி வைத்துக்கொள்ளவே வட்டாரத்துக்கு உறுப்பினர் இல்லை. இப்போது இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது நம் ஒழுங்கையின் அகலத்தைக் காலால் அளந்தவர்கள்தான் அவர்கள்.

தரிப்பிட விஷயத்துக்கு வந்தால் பேச்சு கொஞ்சம் கசக்கும். வேகத்தைப் பற்றிக் குறை சொல்லும்போது குற்றவாளி எப்போதும் வெளியூர்க்காரர்: ரிவஸ்டனுக்குக் கூட்டமாக விரையும் வார இறுதி மோட்டார் சைக்கிள்கள், சீகிரியாவுக்கு ஆள் ஏற்றும் வான், தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்கு மரக்கறி ஏற்றி இரவில் இரையும் லொறி. அவர்களிலும் பலர் குற்றவாளிகள்தான். ஆனால் ஒழுங்கை ஓரத்தில் இரவு முழுவதும் நிற்கும் வாகனம் யாருடையது? நம்முடையது. வீட்டுக்கு முன்னிருந்த முற்றத்தில் ஒரு கடை அறையைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, காரை வீதிக்குத் தள்ளியவர்கள் நாம். கடை முன்னால் பெயின்ட் வாளியில் கொங்கிரீட் ஊற்றி, நடுவே கம்பி நட்டு, ‘இங்கே நிறுத்தாதீர்’ என்று தொங்கவிட்டுப் பொதுவீதியைப் பட்டா போட்டுக்கொண்டவர்களும் நாம்தான். வாடிக்கையாளருக்கு இடம் வேண்டும் என்பார் முதலாளி. பல கடைகளின் முன்னால் காலை எட்டு மணிக்கு வந்து மாலைவரை அசையாமல் நிற்பது முதலாளியின் சொந்த வாகனம்.

நிறுத்துவதற்கு விலை இல்லை என்பதால்தான் இது நடக்கிறது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் டொனால்ட் ஷூப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துப் பேராசிரியர், 2025இல் காலமானார். இலவசத் தரிப்பிடத்தின் செலவை நடப்பவரும் பஸ்ஸில் போகிறவரும் சேர்ந்து சுமக்கிறார்கள் என்பது அவர் வாதம். கட்டணம் என்றதும் கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பசடீனா என்ற சிறு நகரம் 1993இல் அதற்கு ஒரு வழி கண்டது. பழைய கடைத்தெருவில் தரிப்புக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தை நகரசபையின் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் செலவிட்டது. பணம் எங்கே போகிறது என்று கடைக்காரர் கண்ணெதிரே தெரிந்ததும் எதிர்ப்பு அடங்கியது. கொழும்பிலும் கண்டியிலும் தெருவோரத் தரிப்புக்குக் கட்டணம் பழகிய விஷயம். பற்றுச்சீட்டு கிழிப்பதோடு நில்லாமல், மாத்தளைப் பிரதான வீதியில் சேரும் ரூபாய் மாத்தளைப் பிரதான வீதியின் சிலாப்புக்கே போகும் என்று உபவிதியில் எழுதிவைக்க வேண்டும். அது இல்லாத கட்டணத்தை நானே எதிர்ப்பேன்.

ஜப்பான் இன்னும் கறார். 1962இலிருந்து அங்கே காரை நிறுத்த வீதிக்கு வெளியே இடம் இருக்கிறது என்று பொலிஸாரிடம் சான்று பெறாமல் கார் பதிவு செய்ய முடியாது. நாளைக்கே இங்கே அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் இறக்குமதி மீண்டும் தொடங்கியிருக்கும் இந்த வேளையில், புதிதாக வீடும் கடையும் கட்ட அனுமதி கேட்பவரிடம் வாகனத்துக்கு இடம் எங்கே என்று சபை கண்டிப்பாகக் கேட்கலாம். வரைபடத்தில் தரிப்பிடமாகக் காட்டிய இடத்தில் பிறகு சலூன் திறந்தால் போய்ப் பார்க்கவும் செய்யலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. ஓட்டோ ஓட்டும் தம்பிமாரின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. 40இலிருந்து 30க்கு இறங்கினால் ஒரு கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 30 வினாடி, இருபது ஓட்டத்துக்கு 10 நிமிடம். கூலிக்கு ஓடுகிறவருக்கு அது ஒரு ஓட்டத்தின் வருமானம். இந்தச் செலவை மூடி மறைத்துக்கொண்டு அவர்களிடம் போகக் கூடாது. மறுபுறம், எந்த வளைவில் யார் எப்படித் திரும்புகிறார், எந்த வீட்டுப் பிள்ளை எப்போது வீதிக்கு ஓடிவரும் என்று அவர்களைவிட அறிந்தவர் இல்லை. சந்தியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கண்கள் அவை. அவர்களுக்கு முறையான தரிப்பிடம் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் போகச் சொல்வதுதான் கண்ணியம். தனியார் பஸ்களின் கதை வேறு. ஒரே நேரத்துக்கு இரண்டு பஸ் ஓட்டும் போட்டியை நேர அட்டவணையில் தீர்க்காமல் வீதியில் தீர்க்க முடியாது. அதை இந்தக் கட்டுரையில் இழுத்தால் கட்டுரை முடியாது.

கேட்பவர்கள் கையில் கணக்கோடு போக வேண்டும். இதற்கு லேசர் கருவி தேவையில்லை. வீதியோரத்தில் சுண்ணாம்பால் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு ஒரு வாகனம் 6 வினாடியில் வந்தால் அதன் வேகம் 30. 3.6 வினாடியில் வந்தால் 50. அதைவிடக் குறைந்தால் அது சட்டத்தையும் தாண்டியது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் இதைச் செய்தால், ‘எல்லாரும் பறக்கிறார்கள்’ என்ற முறைப்பாடு ‘இத்தனை வாகனங்களில் இத்தனை’ என்று மாறும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் அழகாக வரைபடமே போட்டுத் தருவார்கள். கூடவே இரவு பத்து மணிக்கு ஒழுங்கையில் எத்தனை வாகனம் நிற்கிறது, அதில் எத்தனை அந்த ஒழுங்கைக்காரருடையது என்றும் எண்ண வேண்டும். இந்த இரண்டாவது கணக்கில்தான் சங்கத்துக்குள் சண்டை வரும். வரட்டும். அதைத் தீர்த்துக்கொள்ளாமல் சபைக்குப் போனால், எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

சங்கக் கூட்டத்தை மாலை ஆறரை மணிக்குச் சனசமூக நிலையத்தில் வைத்தால் ஆண்கள் வருவார்கள், பேசுவார்கள், எழுந்து போவார்கள். பிள்ளையைக் கையில் பிடித்து உடைந்த சிலாப்பில் இறங்குகிறவள் அந்த நேரம் அடுப்படியில் இருப்பாள். பாடசாலை விட்ட கையோடு வாசலிலேயே பத்து நிமிடம் கூடினால் அவளும் இருப்பாள், பிள்ளையும் இருக்கும், அதிபருக்கும் ஆள் அனுப்பத் தேவையில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் வீதிகளைச் சிதைத்துவிட்டுப் போனது. மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. திருத்த வேலை நடக்கும் இடங்களில் கான், சிலாப், மதகு எல்லாவற்றையும் எப்படியும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. காபட் உருளை வருவதற்கு முன் கேட்டால் தூக்கிய கடவையும் மூடிய கானும் அதே வேலையோடு வேலையாக முடியும். உருளை போன பிறகு கேட்டால் அது இன்னொரு மதிப்பீடு, இன்னொரு கேள்விப்பத்திரம். சபைகளின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும், அதற்கான பட்டியல் அதற்குப் பல வாரங்கள் முன்பே தயாராகிவிடும். வீதியின் பெயர், தரம், நீளம், 50 மீற்றர்க் கணக்கு, இரவு எண்ணிய வாகனங்கள், ஒழுங்கைக்காரர்கள் தாமே விட்டுக்கொடுக்கும் இடங்கள் ஆகிய ஆறும் அடங்கிய ஒரு பக்க மனு செப்டெம்பருக்குள் வட்டார உறுப்பினரின் கையில் இருக்க வேண்டும். ஒரு பிரதி பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கு.